கறையைக் கரைக்காமலே ‘இது ரத்தமா?’ எனச் சொல்லும் ஒளி: தடயவியலில் நிறமாலை சோதனை எப்படி வேலை செய்கிறது?

காருக்குள் ஒரு கறை. பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கு. சோதனை செய்தவர்களும் ரத்தம்னு சொல்லிட்டாங்க. அதை நம்பி ஒரு தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பல வருஷம் கழித்துப் பார்த்தால், அந்தக் கறையில் ஒரு பகுதி ரத்தமே இல்லை. கார் தயாரிப்பின்போது தெளிக்கப்பட்ட ஒரு பூச்சு!

சினிமா கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் நிஜமாக நடந்தது. ஒரு கறையை ‘ரத்தம்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம், அதை உறுதி செய்ய ஒளியை வைத்து விஞ்ஞானிகள் என்ன செய்யப் பார்க்கிறார்கள், டிஎன்ஏ சோதனை இருக்கும்போது இது எதுக்கு? விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கார், ஒரு கறை, 3 ஆண்டு சிறை

1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் உலுரு பாறைக்குச் சுற்றுலா வந்திருந்தது சேம்பர்லின் குடும்பம். இரவு கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த 9 வாரக் குழந்தை அசாரியாவைக் காணவில்லை. “டிங்கோ என் குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு” என்று கதறினார் தாய் லிண்டி. டிங்கோ என்பது அங்கே திரியும் காட்டு நாய்.

முதல் விசாரணையில் அவர் சொன்னது ஏற்கப்பட்டது. ஆனால் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. குடும்பத்தின் காரைச் சோதித்த தடயவியல் ஆய்வகம், உள்ளே ரத்தம் இருக்கிறது, அதுவும் சிசுவின் ரத்தம் என்று அறிக்கை கொடுத்தது. முன்பக்க டேஷ்போர்டுக்கு அடியில் பீய்ச்சி அடித்தது போல இருந்த கறைதான் முக்கிய ஆதாரங்களில் ஒன்றாக நீதிமன்றத்தில் பேசப்பட்டது.

1982 அக்டோபர் 29. லிண்டி குற்றவாளி எனத் தீர்ப்பு. ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி.

1986 பிப்ரவரியில் உலுரு அருகே அசாரியாவின் மேல்சட்டை கிடைத்தது. குழந்தை அந்தச் சட்டையைப் போட்டிருந்தது என்று லிண்டி முதலில் இருந்தே சொல்லி வந்தார், யாரும் நம்பவில்லை. சட்டை கிடைத்த சில நாளிலேயே அவர் விடுதலையானார். பின்னர் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், ரத்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தது.

டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது ரத்தமில்லை. சத்தம் குறைவதற்காகக் கார்களில் தெளிக்கும் தார் கலந்த பூச்சு. அதே மாடல் வேறு கார்களிலும் அதே இடத்தில் அதே மாதிரி தெளிப்பு இருந்தது! 1988 செப்டம்பரில் தண்டனை ரத்தானது. 2012 ஜூனில் மரண விசாரணை அதிகாரி, குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார். தாய் சொன்னதை ஆவணத்தில் ஏற்க கிட்டத்தட்ட 32 ஆண்டுகள் ஆகின.

சோதனை எங்கே சறுக்கியது?

ஒரு கறை ரத்தமா என்று பார்க்க, முதலில் செய்வது நிறம் மாறும் வேதிச் சோதனை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அதற்குள் இரும்பு இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சில வேதிப்பொருட்களைச் சேர்த்துக் கறையில் விட்டால், ஹீமோகுளோபின் வினையைத் தூண்டிவிடும். நிறம் மாறும், அல்லது ஒளிரும். சினிமாவில் இருட்டறையில் நீலமாக ஒளிர்வதைக் காட்டுவாங்களே, அந்த லூமினால் சோதனையும் இந்த வகைதான்.

பிரச்சினை என்னன்னா, இந்த வினையைத் தூண்ட ரத்தம்தான் வேண்டும் என்று கிடையாது. செம்பு தூண்டும். பிளீச்சிங் திரவம் தூண்டும். சில காய்கறிச் சாறுகள்கூடத் தூண்டும். சேம்பர்லின் குடும்பம் வசித்த மவுண்ட் ஐசா, செம்புச் சுரங்க நகரம். அங்கே இருந்த காரில் செம்புத் தூசி படிவது இயல்பு. அந்தத் தூசியும் ரத்தச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ காட்டும்.

அதனால்தான் இவற்றை ‘முதல்நிலைச் சோதனை’ என்று சொல்கிறார்கள். ‘ரத்தமாக இருக்கலாம், மேலே பாருங்க’ என்பதுதான் அதன் அர்த்தம். ‘இது ரத்தம்’ என்பது அல்ல.

இந்த வழக்கில் அடுத்த கட்டச் சோதனையும் நடந்தது. சிசு ரத்தத்தில் மட்டும் அதிகம் இருக்கும் ஒரு வகை ஹீமோகுளோபினைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. அதையும் நம்பி ஏற்க முடியாது என்று ஆணையம் பின்னாளில் சொன்னது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சோதனை செய்த தட்டுகளை, வழக்கமான நடைமுறைப்படி ஆய்வகம் அழித்துவிட்டது. அதாவது, எதிர்த்தரப்பு நிபுணர் திரும்பப் பார்த்துச் சரிபார்க்க எதுவும் இல்லை. “நாங்க பார்த்தோம், ரத்தம்தான்” என்ற வாய்ச்சொல் மட்டும் மிஞ்சியது.

ஒளியை வைத்துச் செய்யும் சோதனைக்கு மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான். அது மாதிரியைக் கரைத்துத் தீர்க்காது. யார் வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கும் பதிவையும் விட்டுச்செல்லும்.

நிறமாலைன்னா என்ன?

மார்க்கெட்டில் தேங்காய் வாங்கும்போது என்ன செய்வோம்? உடைத்துப் பார்க்க முடியாது. விரலால் தட்டி, காதருகே வைத்து, சத்தத்தை வைத்தே முற்றலா இளசா என்று சொல்லிடுவோம். நிறமாலை சோதனையும் கிட்டத்தட்ட அப்படித்தான். தட்டுவது விரல் இல்லை, ஒளி. திரும்பி வரும் ஒளியை வைத்து, உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று தெரிந்துகொள்வது.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும். அதில் உள்ள அணுப் பிணைப்புகள் தங்களுக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். ஒளி எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு மாறியது என்று வரைபடமாகப் போட்டால் மேடு பள்ளமாக ஒரு கோடு வரும். அதுதான் நிறமாலை. ஆங்கிலப் பெயரில் ஸ்பெக்ட்ரம். அந்த மேடு பள்ளம்தான் மூலக்கூறின் கைரேகை.

இது புது ஐடியாவும் இல்லை. 1860-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹோப்பே சைலர், ரத்தத்தின் வழியாக ஒளியைச் செலுத்தினால் குறிப்பிட்ட இடங்களில் கருப்புப் பட்டைகள் வருவதைக் காட்டினார். 1865-ல் இங்கிலாந்தின் ஹென்றி சோர்பி, நுண்ணோக்கியுடன் நிறமாலைக் கருவியை இணைத்து, ரத்தக்கறையை அடையாளம் காண இதைப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். இன்று மாறியிருப்பது லேசரும், உணர்கருவியும், கணினியும்தான்.

எத்தனை வகை? எது எதைச் சொல்லும்?

தடயவியலில் உடல் திரவங்களுக்கு மூன்று வகை முக்கியமாகப் பயன்படுகின்றன.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அருகே, அதாவது ஊதா நிறப் பகுதியில், ஒளியைப் பலமாக விழுங்கும். புது ரத்தம் என்றால் 540, 575 நானோமீட்டர் அருகே பச்சை, மஞ்சள் பகுதியில் மேலும் இரண்டு மேடுகள் தெரியும். கெட்ச்அப்பும் சிவப்பு, பெயின்ட்டும் சிவப்பு. நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் இந்த மேடுகள் அதே இடத்தில், அதே அளவில் அவற்றில் வராது.

இரண்டாவது, அகச்சிவப்பு ஒளி. கறை படிந்த துணியைச் சிறிய வைரப் படிகத்தின் மேல் அழுத்தி, படிகத்தின் வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துவார்கள். புரதம் இருந்தால் அதற்கான மேடுகள் வரும். கொழுப்புக்கு வேறு இடம், சர்க்கரைக்கு வேறு இடம். உமிழ்நீரில் இருக்கும் தயோசயனேட் என்ற பொருளுக்குத் தனி இடமே இருக்கிறது. தார் பூச்சில் ரத்தப் புரதம் கிடையாது. அதன் கோடு வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது, ராமன் நிறமாலை. பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். நம்ம திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன்தான். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் அவர் அறிவித்த கண்டுபிடிப்புக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியில் உடன் உழைத்த கே.எஸ்.கிருஷ்ணன், இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர்.

ராமன் விளைவு என்னன்னா, ஒரு பொருள் மீது ஒரே நிற ஒளியை அடித்தால், சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் வரும். ஆனால் மிகச் சிறிய பங்கு, கோடியில் ஒன்று என்ற அளவில், கொஞ்சம் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. மிருதங்கத்தின் நாதத்தையும் ஆராய்ந்தவர் ராமன். அதிர்வை வைத்துப் பொருளைப் படிப்பது அவருக்குப் பிடித்த வேலை.

இதில் கறையை எதன் மீதும் அழுத்தக்கூட வேண்டாம். லேசரை அதன் மீது விழவிட்டால் போதும். தண்ணீரின் குறுக்கீடும் குறைவு. அமெரிக்காவின் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இகோர் லெட்னெவ் குழு, ரத்தம், உமிழ்நீர், விந்து, வியர்வை, பெண்ணுறுப்புத் திரவம் ஆகியவற்றின் ராமன் கைரேகைகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறது. மனித ரத்தத்தையும் விலங்கு ரத்தத்தையும் பிரிப்பது, காயத்தில் வந்த ரத்தத்தையும் மாதவிடாய் ரத்தத்தையும் பிரிப்பது பற்றியும் இக்குழு ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறது.

டிஎன்ஏ இருக்கே, அப்புறம் இது எதுக்கு?

நிறைய பேருக்கு வரும் கேள்வி இது. பதில் எளிது. டிஎன்ஏ சொல்வது ‘யாருடையது’ என்பதை. நிறமாலை சொல்வது ‘என்ன’ என்பதை. இரண்டும் வேறு கேள்விகள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பெண்ணின் உடையில் ஒருவருடைய டிஎன்ஏ கிடைக்கிறது. அது உமிழ்நீரில் இருந்து வந்ததா, வியர்வையில் இருந்து வந்ததா, விந்தில் இருந்து வந்ததா? ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால், தும்மலில்கூட உமிழ்நீர் பட்டிருக்கலாம். விந்து என்றால் வழக்கே வேறு. அதேபோல, பாதிக்கப்பட்டவரின் உடையில் இருப்பது காயத்தின் ரத்தமா, மாதவிடாய் ரத்தமா என்ற கேள்வியில் வழக்கின் போக்கே மாறலாம். வழக்கமான டிஎன்ஏ சோதனை இதற்குப் பதில் சொல்லாது.

அடுத்தது, மாதிரியின் அளவு. சம்பவ இடத்தில் கிடைப்பது சில நேரம் ஊசிமுனை அளவு கறைதான். ரத்தமா என்று பார்க்கக் கொஞ்சம், மனித ரத்தமா என்று பார்க்கக் கொஞ்சம், வேறு திரவமா என்று பார்க்கக் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டே போனால், டிஎன்ஏவுக்கு மிச்சம் இருக்காது. முதலில் ஒளியால் பார்த்துவிட்டால் கறை அப்படியே இருக்கும். எந்தக் கறை முக்கியம் என்று தேர்ந்தெடுத்து அதை மட்டும் டிஎன்ஏவுக்கு அனுப்பலாம்.

கருப்புத் துணியில் படிந்த ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. அங்கும் ஒளி உதவும். பல கருப்புச் சாயங்கள் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ரத்தம் அவ்வளவாக அனுப்பாது. அதனால் அந்த ஒளியில் படம் எடுத்தால் துணி வெளுப்பாகவும் கறை கருப்பாகவும் தெரியும்.

கறைக்கு வயசு சொல்ல முடியுமா?

‘ரத்தம் என்னுடையதுதான் சார், ஆனா போன மாசம் கை அறுந்தப்போ பட்டது’ என்று ஒருவர் சொன்னால்? இந்தக் கேள்விக்கு டிஎன்ஏ பதில் சொல்லாது. நிறமாலை கொஞ்சம் சொல்லும்.

புது ரத்தம் செக்கச்சிவப்பாக இருக்கும். நாள் போகப்போகப் பழுப்பாகும். காரணம், உடலுக்கு வெளியே வந்ததும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் மாறத் தொடங்குகிறது. முதலில் மெத்ஹீமோகுளோபின், பிறகு ஹெமிகுரோம் என்று படிப்படியாக மாறும். புது ரத்தத்தின் இரட்டை மேடுகள் தேயும். 630 நானோமீட்டர் அருகே சிவப்புப் பகுதியில் புது மேடு எழும். எது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று கணிக்கலாம். ராமன் முறையில் 2 ஆண்டுகள் வரையான கறைகளை வைத்து ஆய்வு நடந்திருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த கறையும், ஏசி அறையில் கிடந்த கறையும் ஒரே வேகத்தில் பழசாகாது. வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம் எல்லாம் வேகத்தை மாற்றும். அதனால் ‘செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குச் சிந்தியது’ என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘புதுசா, ரொம்பப் பழசா’ என்ற அளவில் சொல்வதுதான் நியாயம்.

இதிலும் தப்பு வருமா?

வரும். முக்கியமான சில இடங்கள் இவை.

கறை படிந்த பொருளே குறுக்கே வரும். ஜீன்ஸ் துணியின் சாயம் லேசர் பட்டதும் தானாக ஒளிரலாம். அந்த வெளிச்சத்தில் ரத்தத்தின் மெல்லிய ராமன் சிக்னல் மூழ்கிப்போகும். வெள்ளி, தங்க நுண்துகள்களை வைத்துச் சிக்னலைப் பெருக்கும் வழி இருக்கு. ஆனால் அதற்காகக் கறையில் ஏதாவது சேர்க்க வேண்டியிருக்கும்.

லேசரின் சக்தி கூடினால் கறை கருகும். ரத்தம் ஒளியை அதிகம் விழுங்குவதால் சட்டென்று சூடாகும். ‘கறையைப் பாதிக்காத சோதனை’ என்பது கவனமாகச் செய்தால்தான் உண்மை.

ஒரே கறைக்குள்ளும் ஒரு ஓரம் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி காய்ந்திருக்கும். ஒரே புள்ளியைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. பல புள்ளிகளில் அளக்க வேண்டும். ரத்தமும் உமிழ்நீரும் கலந்திருந்தால் இன்னும் சிக்கல்.

கடைசியாக, கணினி. மேடு பள்ளங்களை ஒப்பிட்டு முடிவு சொல்வது இப்போது பெரும்பாலும் மென்பொருள்தான். அதற்குக் கற்றுக்கொடுத்த மாதிரிகள் ஆய்வகத்தில் சுத்தமாகத் தயாரித்தவை. தெருவில் கிடைக்கும் கறை அப்படி இருக்காது. அழுக்கு, சோப்பு, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும்.

அதனால்தான் போதைப்பொருள், பெயின்ட், துணி இழை, மை ஆகியவற்றுக்கு ராமன், அகச்சிவப்புச் சோதனைகள் உலகம் முழுக்க வழக்கமாக நடக்கும்போது, ரத்தம் போன்ற உடல் திரவங்களுக்கு அவை இன்னும் பெருமளவு ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கின்றன. நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், நூற்றில் எத்தனை முறை தப்பும் என்ற கணக்கு வேண்டும்.

இந்தியாவில் இது ஏன் இப்போ முக்கியம்?

தடய ஆய்வு நமக்குப் புதுசு இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் 1849-லேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுதான்.

புதுசாக மாறியிருப்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 176(3) பிரிவின்படி, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். அதை வீடியோ எடுக்கவும் வேண்டும். மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. அதாவது, ஆய்வகங்களுக்கு வரும் மாதிரிகள் கூடப்போகின்றன. கறையைத் தீர்க்காமல் சட்டென்று பிரித்துச் சொல்லும் கருவிக்கு அங்கே வேலை இருக்கு.

அதேநேரம், நிபுணர் சொன்னால் அதுதான் இறுதி என்று கிடையாது. நிபுணர் கருத்து ஒரு ஆதாரம்தான்; அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீதிமன்றம். குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. ‘ரத்தம்தான்’ என்று ஒரு வரி அறிக்கையை எப்படிக் கேள்வி கேட்பது? நிறமாலைக் கோடு கையில் இருந்தால், அதை இன்னொரு நிபுணரிடம் காட்டி ‘இந்த மேடு எங்கே?’ என்று கேட்கலாம். கறையும் மிச்சம் இருக்கும், திரும்பவும் அளக்கலாம்.

செய்தி பார்க்கும் நாம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

‘காரில் ரத்தக்கறை, சிக்கினார் குற்றவாளி’ என்று அடுத்த முறை தலைப்பு வந்தால், பகிர்வதற்கு முன் மூன்றே கேள்வி:

1. இது முதல்நிலைச் சோதனையா, உறுதி செய்யும் சோதனையா?

2. ‘என்ன’ என்று தெரிந்ததா, ‘யாருடையது’ என்று தெரிந்ததா? இரண்டும் தெரிந்ததா?

3. திரும்பச் சோதிக்க மாதிரியும் பதிவும் மிச்சம் இருக்கா?

1982-ல் லிண்டி சேம்பர்லின் வழக்கில் இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’. சோதனைத் தட்டுகள் அழிந்துபோயிருந்தன. சிறைத் தண்டனையின்போது அவர் பெற்ற குழந்தை பிறந்த உடனே அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. கறையைப் பற்றிய ஒரு தப்பான வரி, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவும் செய்தது.

ஒளி பொய் சொல்லாது என்பார்கள். அந்த ஒளியைப் படித்துச் சொல்லும் மனிதர்கள் தப்பு செய்யலாம். தப்பு நடந்தால் திரும்பிப் பார்க்க வழி இருக்கணும். தடயவியலுக்கு நிறமாலை தரக்கூடிய பெரிய லாபம் அதுதான்.